மாராத்தா அளைக்குள் மாராத்தா போனதில்லை

உச்சி வெயில். மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும் பெரும் பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. அதன் முன்னால் என் நங்கையா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, சந்துக்குள் இருக்கும் இருட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்தில் நான் மோர்ச்சட்டியோடு நிற்கிறேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புகுந்த வீட்டில் என் குரல் அடுப்படியைத் தாண்டி வந்ததில்லை. சந்துக்குள்ளிருந்து வருகிற வவ்வால் எருவின் நெடி கண்ணைக் கரிக்கிறது. இன்றும் எங்காவது அந்த நெடி அடித்தால் எனக்கு அந்தப் பகல்தான் ஞாபகம் வரும்.

உள்ளே என் வீட்டுக்காரர் இருந்தார். எந்தப் பாறைக்கு அடியில் இருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறாரா என்று வெளியே நின்ற யாருக்கும் தெரியாது.

வாய்க்குப் பேர் போனவர்

போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய என் கல்யாணக் கதையைப் படித்துவிட்டு, நங்கையா நங்கையா என்கிறீர்களே, அது யார் என்று சிலர் கேட்டார்கள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் கணவனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். என் நங்கையாவின் பெயர் மாராத்தா. சின்ன வயதிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். நான் போவதற்கு முன்பே மாமனார், மாமியார் இருவரும் காலமாகிவிட்டதால் வீட்டுக்கும் வயலுக்கும் அவர்தான் எல்லாம்.

ஆள் ஒல்லி. குரல் மட்டும் நாலு ஆளுக்குக் காணும். வாய்க்காலுக்கு இந்தக் கரையில் நின்று அவர் ஏவினால், அந்தக் கரையில் யாருடைய ஆட்களோ பதறி எழுந்து வேலை செய்வார்கள்.

அவர் திட்டில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட வராது. எல்லாம் நடந்த கதை. இன்ன திருவிழாவில் நீ இன்னது செய்தாய், அதற்கு முந்தின மழைக்கு இன்னது செய்தாய் என்று வரிசையாக வரும். ஒருமுறை எடுத்ததை மறுமுறை எடுக்க மாட்டார். அத்தனை சரக்கு இருந்தது. கேட்கிறவன் பதில் யோசிப்பதற்குள் அவர் இரண்டு வருஷம் பின்னால் போயிருப்பார்.

எனக்கு அவரிடம் பயம்தான். ஆனாலும் பிறரைத் திட்டும்போது கதவுக்குப் பின்னால் நின்று ரசித்துக் கேட்டிருக்கிறேன்.

பாண்டவர்களுக்கு ஓய்வே இல்லை

குகையை எங்கள் பக்கம் அளை என்போம். நெல்லியாம்பதி மலை இறங்கி வந்து வயல்வெளியைத் தொடும் அடிவாரத்தில், பாறைகள் சரிந்து உண்டான அளைகள் ஏராளம். இப்போது போகிறவர்கள் எதைக் கண்டாலும் பாண்டவர் தங்கிய இடம் என்கிறார்கள். பாவம், அந்த ஐந்து பேரும் எத்தனை இடத்தில்தான் பாய் விரித்திருப்பார்கள். மிஞ்சியதில் ஒரு சித்தரைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறார்கள்.

என் தாய்மாமன் ஒருவர் உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும் கங்காணியாக இருந்தார். போடியிலிருந்து மலையேறுகிறவர்கள் மழைக்கு ஒதுங்கும் குகைகளை அங்கே பொடவு என்பார்களாம். கருவாட்டுப் பொடவு, புளிச்சோத்துப் பொடவு என்று, முதலில் ஒதுங்கிய கூட்டம் அங்கே எதைத் தின்றதோ அதுவே பெயர். மூட்டையைச் சுமந்துகொண்டு பசியோடு ஏறுகிறவர்களுக்கு வேறு எது ஞாபகம் இருக்கும்? எனக்கு அந்தப் பெயர்கள் மேல் நிறைய மரியாதை உண்டு.

எங்கள் அடிவாரத்துப் பெயர்கள் வேறு மாதிரி. தயிர்க்காரி அளை, கோவாலன் அளை என்று ஆட்களின் பெயர்கள். ஏன் என்று வெளியூர்க்காரரைக் கேட்டால், தயிர்க்காரி உள்ளே போய் ஒளிந்தாள், புலி தின்றது என்று ஆளுக்கொரு கதை விடுவார்கள். தயிர்க்காரி அந்த அளைக்குள் காலே வைத்ததில்லை. அவள் வாசலில் உட்கார்ந்திருந்தவள்.

பாட்டு உதவாது

அறுப்பு முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும், அளைகளில் வவ்வால் எரு அள்ளப் போவார்கள். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் நாற்றங்காலுக்கும் அதைப்போல எரு கிடையாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பகலில் வவ்வால்கள் உள்ளேதான் தொங்கும். ஆள் நுழைந்ததும் கூட்டமாகக் கிளம்பி விளக்கில் மோதும். விளக்கு அணைந்துவிட்டால் உள்ளே எல்லாம் ஒரே மாதிரிப் பாறை, ஒரே மாதிரி இடுக்கு. வந்த வழி எது என்று கை தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்காக வாசலில் ஒருவரை உட்கார வைப்பார்கள். அவருக்கு வாசல்காரர் என்று பெயர். கடைசி ஆள் வெளியே வருகிற வரை அவர் ஓயாமல் உரக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு கொட்டு அடித்தால் போதாதா என்று நானும் கேட்டேன். போதாதாம். கொட்டுச் சத்தம் பாறையில் பட்டு எல்லாப் பக்கமிருந்தும் வரும். பேச்சுச் சத்தமும் அப்படித்தான் வரும், ஆனால் தப்பான சந்தில் திரும்பினால் வார்த்தைகள் குழைந்து வெறும் இரைச்சலாகிவிடும். சரியான பக்கம் நடந்தால் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரிந்து புரியத் தொடங்கும். பேச்சு புரிகிற பக்கம்தான் வாசல்.

தெரிந்த பாட்டைப் பாடக் கூடாது, சாமி பேரைத் திருப்பித் திருப்பிச் சொல்லவும் கூடாது. காதில் விழாத வார்த்தையையும் மனசே நிரப்பிக்கொண்டு, கேட்ட மாதிரி ஏமாற்றிவிடும். அடுத்து என்ன வரும் என்று கேட்கிறவனுக்குத் தெரியாத பேச்சாக இருக்க வேண்டும். தயிர்க்காரி ஊர் வம்பு பேசினாள். கோவாலன் கள் இறக்குகிறவர். மரத்து உச்சியிலிருந்து யார் வீட்டுக் கொல்லையில் என்னென்ன பார்த்தாரோ அதையெல்லாம் சொல்வாராம்.

உள்ளே வழி தவறிய ஒருவன், வாசல்காரரின் பேச்சைப் பிடித்துக்கொண்டு உயிரோடு வந்துவிட்டால் அந்த அளைக்கு வாசல்காரரின் பெயர். யாரும் வழி தவறாத அளைக்குப் பெயரே கிடையாது. போனவன் வராமலே போய்விட்டால், முள்ளை வெட்டி வாசலை அடைத்துவிடுவார்கள். அதற்கும் பெயர் கிடையாது.

இந்த வழக்கத்தை யார் யோசித்து ஏற்படுத்தினார்களோ, அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. உள்ளே போகிறவனைத்தான் உலகம் வீரன் என்கிறது. வெளியே உட்கார்ந்து தொண்டை வறளக் காத்தவரின் பெயரை மலைக்கு வைக்க வேண்டும் என்று எத்தனை பேருக்குத் தோன்றும்?

மயிலையும் காஸ் விளக்கும்

என் வீட்டுக்காரருக்கு அளைப் பித்து. அவர் பெயரைச் சொல்ல எனக்கு இப்போதும் நாக்கு எழாது, எழுதக் கையும் வரவில்லை. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாறையில் ஓர் ஓட்டை தெரிந்தால் தலையை விட்டுப் பார்க்காமல் வரமாட்டார். முழங்கையெல்லாம் சிராய்ப்போடு வீட்டுக்கு வந்து, உள்ளே ஒரு சுனை இருக்கிறது, கூரைப் பாறையில் கண்ணாடித் தூள் மாதிரி மின்னுகிறது என்று அடுப்படியில் நின்று என்னிடம் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகம் சின்னப் பையன் முகமாக மாறிவிடும். எனக்கே போய்ப் பார்க்க வேண்டும் போல இருக்கும்.

ஓலைப் பந்தம் புகைகிறது என்று, பாலக்காட்டில் புதிதாக வந்திருந்த காஸ் விளக்கில் கண் வைத்தார். காற்றடித்து ஏற்றுகிற சீமை விளக்கு. அதற்காகக் கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு மயிலைக் காளையை ஓட்டிப் போய் விற்றார். பதிலுக்கு ஒரு சோனிக் காளையைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்துக்கு விளக்கும் கையுமாக வந்து நின்றார்.

மயிலை, நங்கையா கன்றிலிருந்து தவிட்டை உள்ளங்கையில் வைத்து ஊட்டி வளர்த்த காளை. அன்று நங்கையா திட்டவில்லை. கட்டுத்தரையில் மயிலையைக் கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் திட்டாமல் போனதைக் கண்டுதான் வீடே பயந்தது.

அடுத்து எரு அள்ளப் போனது, பெயரில்லாத ஓர் அளைக்கு. எரு அள்ளும் ஆட்களுக்குப் பொன்னான் தலைவர். வழக்கமான வாசல்காரருக்குக் குளிர்காய்ச்சல். எருவை மேற்பார்வை பார்க்க வந்திருந்த நங்கையா, தானே வாசலில் உட்காருவதாகச் சொன்னார். எல்லாரும் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்கள். இதற்கென்றே பிறந்தவர் அல்லவா.

ஆட்கள் முதல் கூடத்திலேயே மூட்டைகளை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மட்டும், இதற்கு இன்னொரு வாசல் இருக்கிறதா பார்க்கிறேன் என்று காஸ் விளக்கோடு இன்னும் உள்ளே போனாராம். கொஞ்ச நேரத்தில் வவ்வால்கள் குபீரென்று வெளியே கொட்டின. அதன்பிறகு உள்ளே வெளிச்சம் தெரியவில்லை.

பொன்னான் பந்தத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சந்துகள் பிரிகிற இடத்தில் விளக்கு கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. ஆளைக் காணோம். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கைவசம் இருந்த ஓலையும் தீர்ந்துவிட்டது. ஒரு ஆளைக் கீழே அனுப்பி வேறு ஓலை கொண்டு வரச் சொன்னார். அது வருகிற வரை வாசல்காரர் வாயைத் தவிர வேறு வழியில்லை.

முள் வெட்டப் போனவர்

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது.

"ஏன்டா, எம்பட மயிலய வித்துப்போட்டு வெளக்கு வாங்குனயே, எங்கடா இப்ப உன்ற வெளக்கு? மயிலயா இருந்திருந்தா இருட்டுலயும் ஊடு வந்து சேந்திருக்கும்டா."

அங்கிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிப் போனார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டது, பக்கத்துக் காட்டில் இளநீர் திருடிக் குடித்தது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வேட்டியைத் திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தது எல்லாம் வந்தன. எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்தது. உடனே அழுகையும் வந்தது.

ஓலை கொண்டு வரப் போனவர் திரும்பவில்லை. பாறை நிழல் நீண்டது. நங்கையாவின் குரல் கரகரத்தது. நான் கொடுத்த மோரை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். ஆட்களில் ஒருவர் அரிவாளை எடுத்துக்கொண்டு மெதுவாக முட்புதர் பக்கம் நடந்தார். எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

பொன்னான் சத்தம் போடாமல்தான் சொன்னார். "அருவாளக் கீழ வைடா. பெரியம்மிணி இன்னும் பேசிட்டுத்தான இருக்கறாங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நங்கையாவின் குரல் நின்றது. வாய் அசைகிறது, காற்றுதான் வருகிறது. இருமிப் பார்த்தார், தொண்டையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஒன்றும் எழவில்லை. எரு மூட்டைகளின் மேல் ஈக்கள் இரைவது கேட்டது.

நான் வாய் திறந்தது

நங்கையா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். என் காதோடு வாயை வைத்து, "நீ சொல்லு" என்றார்.

ஆண்கள் நிற்கிறார்கள். புருஷனைப் பார்த்து நான் உரக்கப் பேசுவதா? அதுவும் திட்டுவதா? நங்கையா என்னவோ காதில் சொன்னார். நான் அதைக் கழுவித் துடைத்து மரியாதையாக, கொஞ்சம் யோசிக்கக் கூடாதுங்களா என்று இருட்டைக் கேட்டேன். அது என் மூக்கைத் தாண்டியிருக்காது. நங்கையா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "நாஞ் சொல்றாப்பலயே சொல்லு அம்மிணி. அவம் பொழைக்கோணும்."

அந்தக் கிள்ளு இன்றும் வலிக்கிறது. அதில்தான் எனக்குக் குரல் வந்தது. அவர் காதில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றின் முடிவிலும் 'ங்கறாங்க' என்று ஒட்டவைத்துக் கத்தத் தொடங்கினேன். அறிவிருக்குதாடாங்கறாங்க. காது கேக்குதாடாங்கறாங்க. அந்த ஒட்டு இல்லாவிட்டால் என்னால் முடிந்திருக்காது. என் தொண்டை இவ்வளவு பெரிது என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

சரக்குத் தீராத நங்கையாவுக்கும் ஒரு கட்டத்தில் திட்டு தீர்ந்தது. என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

புருஷன் இறந்து கருமாதி முடிந்ததும், அவரைப் புகுந்த வீட்டிலேயே விட்டுவிட்டு அப்பா வண்டி கட்டினாராம். தம்பி அப்போது சின்னப் பையன். அக்கா வராமல் வண்டி போகக் கூடாது என்று சக்கரத்துக்கு முன்னால் புழுதியில் படுத்துவிட்டான். அடித்தும் எழவில்லை. கடைசியில் அப்பா அக்காவையும் ஏற்றிக்கொண்டார். அங்கேயே விட்டிருந்தால் நான் அந்த வருஷமே கிணற்றில் விழுந்திருப்பேன் என்றார் நங்கையா.

நான் அழுதுகொண்டே கத்தினேன். "அன்னைக்கு எனக்கோசரம் நீ மண்ணுல படுத்தயேடாங்கறாங்க. இன்னைக்கு எனக்கோசரம் எந்திரிச்சு வாடாங்கறாங்க. நீ இல்லாட்டி எனக்கு ஆருடா இருக்கறாங்கன்னு கேக்கறாங்க."

பொன்னான் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். முள் வெட்டப் போனவர் புதருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அதையே திரும்பச் சொல்லக் கூடாதே, புதிதாக ஏதாவது வேண்டுமே என்று நங்கையாவின் வாயைப் பார்த்தேன்.

அப்போது உள்ளே கல் உருண்டது.

தலை முதல் கால் வரை எரு அப்பி, முழங்காலில் ரத்தம் ஒழுக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார். நங்கையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மிச்சமிருந்த மோரை அவர் கையில் கொடுத்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே நடந்ததை என் வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். அக்கா குரல் நின்றதும், எல்லாரும் கைவிட்டுப் போய்விட்டார்கள் என்று அவரும் உட்கார்ந்துவிட்டாராம். பிறகு வேறு ஒரு குரல். யாருடையது என்றே தெரியவில்லை. என் குரலை அவர் அவ்வளவு உரக்கக் கேட்டதே இல்லை. ஒரு சந்தில் திரும்பினால் இரைச்சல், இன்னொன்றில் திரும்பினாலும் இரைச்சல். மூன்றாவதாகத் திரும்பியபோது 'மண்ணுல படுத்தயேடா' என்பது தனித்தனி வார்த்தையாக விழுந்ததாம். அதைக் கேட்டு அங்கேயே கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் நடந்தேன் என்றார்.

யார் பெயர்?

வழக்கப்படி அளைக்குப் பெயர் வைக்க வேண்டும். கடைசியாகக் கேட்டது சின்னம்மிணி குரல்தானுங்க என்று பொன்னான் என்னைக் காட்டினார். நங்கையாவும் என் பக்கமே கையை நீட்டினார். நான் ஒப்பவில்லை. தொண்டைதான் என்னுடையது, சொன்னதெல்லாம் அவர் சொன்னது. கடைசியில் என் வீட்டுக்காரர், திட்டு அக்காளுடையது, அதனால் பெயரும் அக்காளுடையதுதான் என்று முடித்தார். மாராத்தா அளை என்று ஆயிற்று.

இப்போது யாரோ அங்கே ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி விளக்கு வைக்கிறார்களாம். மாராத்தா என்ற அம்மன் உள்ளே மௌனத் தவம் இருந்தாள் என்று சொல்கிறார்களாம். என் நங்கையாவா, மௌனமா? எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியது.

ஆனால் ஒன்று. அவருக்கு அந்தக் குரல் திரும்ப வரவே இல்லை. சித்தரத்தை, அதிமதுரம், வைத்தியர் காய்ச்சிக் கொடுத்த கஷாயம் எதற்கும் அசையவில்லை. காதோடு சொன்னால் கேட்கிற அளவு காற்றுதான் மிஞ்சியது. தம்பிக்காக அவர் கொடுத்தது அது. அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

திட்டும் நிற்கவில்லை. மறுநாள் காலையே என்னை அடுப்படியிலிருந்து வயலுக்கு இழுத்துப் போனார். அவர் காதில் சொல்ல, நான் வரப்பில் நின்று 'ங்கறாங்க' போட்டுக் கத்துவேன். பெரியம்மிணி வாய் சின்னம்மிணிகிட்டப் போயிருச்சு என்று ஆட்கள் சொன்னார்கள். இன்று நான் பத்திரிகையில் இப்படிக் கூச்சமில்லாமல் எழுதுகிறேன் என்றால் அந்த வரப்பில் பழகியதுதான். எத்தனையோ வருஷம் அவர் வாயாக இருந்ததைவிடப் பெரிய பெருமை எனக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் அளைக்குள் போவதை விடவில்லை. வாசலில் நாங்கள் இருவரும் உட்காருவோம். எல்லாவற்றுக்கும் அவரைத் திட்டிய நங்கையா, காளைப் பேச்சை மட்டும் மறுபடி எடுத்ததே இல்லை. மறந்துவிட்டார் என்றே நாங்கள் நினைத்தோம்.

கடைசியில் அவர் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பகலில், தம்பி கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். நங்கையா அவரையே வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

என்ன சொல்கிறாள் என்று அவர் என்னைக் கேட்டார். பழக்கதோஷம், நான் வரப்பில் நிற்கிற மாதிரியே உரக்கச் சொன்னேன்.

"மயிலய வித்திருக்கக் கூடாதுடாங்கறாங்க."